கண் சொன்ன வேகமும் முள் காட்டிய வேகமும்

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது குழந்தைகள் அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில் அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளில் சேலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மூடுபனி கவிந்திருந்தது. 25, 30 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தலைக்கவசத்தின் முகக் கண்ணாடி, உட்புறம் என் மூச்சுக் காற்றினாலும் வெளிப்புறம் பனித் திவலைகளாலும் பால் பூசியதுபோல் மங்கியிருந்தது. நான் பயந்த சுபாவம் உடையவன், மெதுவாகத்தான் போனேன். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் இராது என்று உறுதியாக நம்பினேன். தற்செயலாகக் குனிந்து வேகமானியைப் பார்த்தேன். முள் 40-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்தேன். அடுத்த வளைவைத் தாண்டியதும், பழுதாகி நின்றுவிட்ட ஒரு லாரியின் பின்புறம் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. நிறுத்த இடம் இருந்தது, நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம். அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு ஒருவருக்கு ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொள்வோம். ஈரச் சாலையின் உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், கண்டது முதல் நிற்பது வரை 17 மீட்டருக்குள் நின்றுவிடுவார். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு 32 மீட்டருக்கு மேல் வேண்டும். இறக்கத்தில் இரண்டுமே இன்னும் கூடும். எனக்கு எதிரே தெரிந்த தூரமோ 25, 30 மீட்டர்.

நாள்தோறும் வகுப்பில் திசைவேகத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற இயற்பியல் ஆசிரியன் ஒருவன், தான் போகும் வேகத்தையே இவ்வளவு குறைத்து மதிப்பிட்டது எப்படி? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடியபோது அது என் பாடத்தைத் தாண்டி மூளைக்குள் போய்விட்டது. மாணவ நண்பர்களே, உங்களையும் அந்த வழியே அழைத்துச் செல்கிறேன். முதலில் அருவிக்குப் போவோம்.

கிளியூர் அருவியில் ஒரு சோதனை

ஏற்காட்டு ஏரியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் கிளியூர் அருவி இருக்கிறது. உயரம் 300 அடி என்பார்கள். மழைக்காலத்தில்தான் நீர் நிறைந்து விழும். கோடையில் போய் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். நீர் நன்றாக விழும் நாளில், பாதுகாப்பான இடத்தில் நின்று, அருவியின் நடுவே ஏதேனும் ஒரு புள்ளியில் பார்வையைப் பதியுங்கள். விழும் நீரைக் கண்ணால் பின்தொடரக் கூடாது. பார்வை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துப் பார்வையைச் சட்டென்று பக்கத்திலுள்ள பாறைக்கு மாற்றுங்கள்.

பாறை மேலே ஏறும்! பாசியும் செடியும் பிளவுகளுமாக அந்தப் பாறை முழுவதும் மெல்ல மேல்நோக்கி நகர்வதைக் காண்பீர்கள். சில வினாடிகளில் அது அடங்கிவிடும்.

அருவிக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் முடிந்ததும் பெயர்கள் வரிசையாக மேல்நோக்கி ஓடும் அல்லவா? திரையின் நடுவில் பார்வையை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். சுவர் கீழே இறங்கும்.

ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் என்ற அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-இல் இதை எழுதி வைத்தார். ஓடும் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிலைத்த பொருள்கள் நகர்வதுபோல் தோன்றும் என்பதை அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். ஆகவே செய்தி பழையது. ஆனால் அதில் ஒரு விந்தை இருக்கிறது; அதை இயற்பியல் படித்தவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

ஏறிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையில் ஒரு செடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறையோடு செடியும் மேலே போகிறது. ஆனால் செடி இருந்த இடத்திலேயே இருக்கிறது! திசைவேகம் உண்டு, இடப்பெயர்ச்சி இல்லை. என் மாணவன் ஒருவன் தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். ஆனால் நம் மூளை இதைத் தயங்காமல் எழுதிக் காட்டுகிறது. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஒரு பொருள் முதலில் எங்கே இருந்தது, பிறகு எங்கே இருக்கிறது என்று பார்த்து, தூரத்தைக் காலத்தால் வகுத்து மூளை வேகத்தைக் கண்டுபிடிப்பதில்லை. இயக்கத்தை உணர்வதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. இடத்தைச் சொல்லும் ஏற்பாடு வேறு. வழக்கமாக இரண்டும் ஒத்துப்போகின்றன. அருவி அவற்றைச் சற்று நேரம் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இரண்டு காவலாளிகள்

அந்தத் தனி ஏற்பாடு எப்படி இயங்குகிறது? ஒரு காப்பித் தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோட்டத்துப் பாதையில் சிறிது தூரம் தள்ளித் தள்ளி இரண்டு காவலாளிகள் நிற்கிறார்கள். பாதையில் யாரேனும் கடந்து சென்றால் ஒவ்வொருவரும் தோட்டத்து அலுவலகத்துக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். முதல் காவலாளியின் ஆள் நொண்டி நொண்டி வருபவன். ஒரு நிமிடம் தாமதமாக வந்து சேர்வான். இரண்டாமவரின் ஆள் உடனே வந்துவிடுவான். அலுவலகத்தில் ஒரு விதி: இரண்டு ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே மணியை அடிக்க வேண்டும்.

இப்போது ஒருவன் முதல் காவலாளியைக் கடந்து, சரியாக ஒரு நிமிடம் நடந்து, இரண்டாமவரைக் கடக்கிறான். முதல் ஆள் தாமதமாக வரும் நேரமும் இரண்டாம் ஆள் வரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன; மணி ஒலிக்கிறது. அவனே எதிர்த்திசையில் நடந்து வந்தால்? இரண்டாமவரின் ஆள் முதலில் வந்துவிடுவான். முதலாமவரின் ஆள் வெகுநேரம் கழித்து வருவான். மணி ஒலிக்காது. ஆக அந்த மணி 'ஆள் வந்தான்' என்று சொல்வதில்லை. 'ஆள் இந்தத் திசையில், இந்த வேகத்தில் போனான்' என்று சொல்கிறது. அவன் இப்போது எங்கே நிற்கிறான் என்பது மணிக்குத் தெரியாது.

ஜெர்மனியில் ஹாசன்ஸ்டைன், ரைஹார்ட் என்ற இருவர் ஒரு வண்டின் பார்வையை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்ட கருத்தின் சாரம் இதுதான். விழித்திரையில் அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகளின் செய்திகளில் ஒன்றைத் தாமதப்படுத்தி மற்றதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவே. 1963-இல் பார்லோ, ஹில் ஆகியோர் முயலின் விழித்திரையில் ஒரு திசை இயக்கத்துக்கு மட்டும் துடித்து, எதிர்த்திசைக்கு வாளாவிருக்கும் நரம்புச் செல்களைக் கண்டார்கள். அங்கே செல்களின் இணைப்பு முறை வண்டினுடையதிலிருந்து வேறுபட்டது என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் காலத் தாமதத்தை ஒப்பிடும் தத்துவம் ஒன்றுதான். மனிதர்களுக்கும் குரங்குகளுக்கும் இந்த வேலையின் பெரும்பகுதி பின்மண்டையில் உள்ள மூளைப் புறணியில் நடக்கிறது.

இனி பாறை ஏறிய கதை எளிது. மேல்நோக்கிய இயக்கத்துக்கு ஒரு செல் கூட்டம், கீழ்நோக்கிய இயக்கத்துக்கு ஒரு கூட்டம். நிலைத்த காட்சியைப் பார்க்கும்போது இரண்டும் சிறிதளவே, சமமாகத் துடிக்கின்றன. தராசு சமமாக நிற்கிறது. 'அசைவில்லை' என்று தீர்ப்பு. அருவியை ஒரு நிமிடம் பார்த்ததும் கீழ்நோக்குக் கூட்டம் களைத்துப்போகிறது. பிறகு பாறையைப் பார்த்தால் களைக்காத மேல்நோக்குக் கூட்டத்தின் தட்டுத் தாழ்கிறது. பாறை ஏறுகிறது.

இந்தக் களைப்பு கண்ணிலா, மூளையிலா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அருவியைப் பாருங்கள். பிறகு பார்த்த கண்ணை மூடி, பாராத கண்ணால் பாறையைப் பாருங்கள். சற்றுக் குறைவாகவேனும் பாறை ஏறத்தான் செய்யும். அந்தக் கண் அருவியையே பார்க்கவில்லை! ஆகவே களைத்துப்போன இடம் இரு கண்களின் செய்திகளும் ஒன்று சேர்ந்த பிறகு வரும் இடம், அதாவது மூளை. ஆய்வகமும் மின்முனையும் இல்லாமல், ஒரு உள்ளங்கையை வைத்துக்கொண்டு மூளைக்குள் இடம் காட்ட முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

காப்பிப் பழம் கறுக்கும் நேரம்

அருவியிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வழியில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். அறுவடைக் காலமாக இருந்தால் கிளைகளில் சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். பகலில் பச்சை இலைகளுக்கு நடுவே பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் அந்தப் பழங்கள், அந்தி மங்க மங்க இலைகளுக்கு முன்னால் கறுத்துவிடும். இலைகளோ சாம்பல் வெளுப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

இது 19-ஆம் நூற்றாண்டில் புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் தோட்டத்துப் பூக்களில் கண்ட விளைவு. நம் விழித்திரையில் பகலுக்குக் கூம்புச் செல்கள், இரவுக்குக் கோல் செல்கள். பகல் பார்வை 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியில் மிகக் கூர்மையாக இருக்கிறது. இரவுப் பார்வை 507 நானோமீட்டர் அருகில். பழம் திருப்பி அனுப்பும் நீண்ட அலைநீளச் சிவப்பு, கோல் செல்களுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஆகவே அது கறுப்பு.

நிறத்தைப் பற்றிய இன்னொரு செய்திக்காகவே இதைச் சொன்னேன். கோல் செல்கள் கூம்புச் செல்களைவிட மெதுவானவை. பொதுவாகவே, வெளிச்சம் குறையக் குறையக் கண்ணிலிருந்து செய்தி புறப்படத் தாமதமாகிறது. இதையும் நீங்கள் காணலாம். ஒரு கல்லை நூலில் கட்டி, நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உங்கள் முன்னே இடவலமாக ஊசலாட விடுங்கள். இரு கண்களையும் திறந்தபடி ஒரு கண்ணின் முன் மட்டும் கறுப்புக் கண்ணாடியைப் பிடியுங்கள். நேர்கோட்டில் ஆடும் கல், நீள்வட்டத்தில் உங்களை நோக்கி வந்து, விலகிப் போவதாகத் தெரியும். மறைத்த கண்ணின் செய்தி சில மில்லிவினாடிகள் பிந்துகிறது. அதனால் இரு கண்களும் கல்லை வெவ்வேறு இடங்களில் காண்கின்றன. மூளை அதை ஆழமாகப் பொருள்கொள்கிறது. 1922-இல் இதை வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் புல்ஃப்ரிச். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. தம் பெயரைத் தாங்கிய விளைவை அவர் கண்டதே இல்லை.

ஆக, 'இப்போது' என்று நாம் காண்பது எல்லாம் சற்று முந்திய நேரத்துச் செய்தி. விழித்திரையில் விழுந்த காட்சி மூளையில் உருப்பெற ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிவினாடி ஆகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் 100 மில்லிவினாடியில் வண்டி ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். அது மட்டுமன்று. நிறமும் இயக்கமும் மூளையில் ஒரே வழியில் போவதும் இல்லை.

மூளையின் பின்பகுதியில் இயக்கத்துக்கும் நிறத்துக்கும் வெவ்வேறு பகுதிகள் சிறப்பாகப் பணிபுரிகின்றன என்பதைக் குரங்குகளில் காட்டியவர்களில் முக்கியமானவர் லண்டனைச் சேர்ந்த செமிர் செக்கி. 1970-களில் நடந்த ஆய்வுகள் அவை. மனிதர்களில் இதற்குச் சான்று நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. 1888-லேயே சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் வெரே, மூளையில் ஒரு பகுதி சேதமுற்றதால் பார்வையில் பாதிப் பரப்பில் மட்டும் நிறத்தை இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். கண் பழுதில்லை. உருவம் தெரிந்தது, நிறம் மட்டும் சாம்பல்.

இதற்கு நேர் மாறான நிகழ்ச்சியை ஜெர்மனியில் யோசஃப் ஸீலும் அவருடைய துணைவர்களும் 1983-இல் வெளியிட்டார்கள். மூளையின் இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பினால் 43 வயதுப் பெண்மணி ஒருவர் இயக்கத்தைக் காணும் ஆற்றலை இழந்துவிட்டார். நிறங்களைச் சரியாகச் சொன்னார், பொருள்களை அடையாளம் கண்டார், எழுத்துகளைப் படித்தார். ஆனால் கோப்பையில் தேநீரை ஊற்றினால் அது உறைந்த பனிக்கட்டிபோல் நின்றது. கோப்பை நிரம்புவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. சாலையைக் கடக்க அஞ்சினார். தொலைவில் இருந்த கார், மறுகணம் அருகில் இருந்தது. இடையில் அது வந்ததை அவர் காணவில்லை. 'கார் இருக்கிறது' என்பதும் 'கார் வருகிறது' என்பதும் மூளைக்கு இரு வேறு செய்திகள் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இரண்டு வழிகள் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் முடிவை எட்டுகின்றனவா? 1997-இல் மூத்தூசிஸ் என்பவரும் செக்கியும் ஒரு சோதனை செய்தனர். திரையில் ஓர் உருவத்தின் நிறத்தையும் அது நகரும் திசையையும் விரைவாக மாற்றி மாற்றிக் காட்டி, எந்த நிறம் எந்தத் திசையோடு சேர்ந்து வந்தது என்று கேட்டார்கள். மக்களின் விடைப்படி நிறமாற்றம் திசைமாற்றத்தைவிட 80 மில்லிவினாடி அளவுக்கு முந்தித் தெரிந்தது. நிறம் முந்துகிறது என்றார்கள். மூளையின் வேலைநேரத்தில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, அல்லது இரண்டுக்கும் நேரம் குறிக்கும் முறையில் வித்தியாசமா என்று பின்வந்தவர்கள் வாதாடுகிறார்கள். வாதம் முடியவில்லை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பதில் நாம் தடுமாறுகிறோம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர் வி. எஸ். ராமச்சந்திரன். இழந்த கையில் வலி என்ற விந்தையை ஆராய்ந்தவர் என்று பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு வெகு முன்பே, 1978-இல், ரிச்சர்ட் கிரிகரி என்ற அறிஞருடன் சேர்ந்து அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இயக்கத்தைக் காண நிறம் உதவுகிறதா?

சிதறிய புள்ளிகள் நிறைந்த இரண்டு படங்கள். இரண்டாவதில் நடுவிலுள்ள ஒரு சதுரப் பகுதியின் புள்ளிகள் மட்டும் சற்று நகர்த்தப்பட்டிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால், கறுப்பு வெள்ளையில் அந்தச் சதுரம் இப்படியும் அப்படியும் தாவுவது தெளிவாகத் தெரியும். பிறகு அதே புள்ளிகளைச் சிவப்பும் பச்சையுமாக, இரண்டும் ஒரே அளவு வெளிச்சம் உடையனவாக அமைத்தார்கள். புள்ளிகள் நன்றாகத் தெரிந்தன. சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் இருந்தன. ஆனால் தாவும் சதுரம் மறைந்துவிட்டது! பெரிய உருவம் ஒன்று தனியாக இடம் மாறினால் ஓரளவு இயக்கம் தெரிந்தது. நுண்ணிய புள்ளிகளில் தெரியவில்லை. 1984-இல் கவானாவும் துணைவர்களும், சம வெளிச்சமுள்ள நிறப்பட்டைகள் நகரும்போது உண்மையைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றுவதைக் கண்டார்கள். இயக்கத்தைக் காணும் ஏற்பாட்டுக்கு நிறம் முற்றிலும் பயனற்றது என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதற்கு முதன்மையான உணவு நிறமன்று, வெளிச்ச வேற்றுமை. ஒரு பொருள் தன் பின்னணியைவிட எவ்வளவு வெளிச்சமாகவோ இருட்டாகவோ இருக்கிறது என்ற அந்த அளவை இனி ஒளிவேற்றுமை என்று சொல்வோம்.

மூடுபனி எடுத்துக்கொள்வது அதைத்தான்.

பனியும் மங்கிய கண்ணாடியும்

1924-இல் ஜெர்மானியரான கோஷ்மீடர் கண்ட விதி இது: மூடுபனியில் ஒரு கரிய பொருளின் ஒளிவேற்றுமை, தூரம் கூடக்கூட அடுக்குக்குறி முறையில் குறைகிறது. அது நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு வீழும் தூரத்தைப் பார்வைத் தூரம் என்று வைத்துக்கொண்டால், பார்வைத் தூரம் 50 மீட்டராக உள்ள பனியில் 5 மீட்டரில் இருக்கும் பொருள் தன் ஒளிவேற்றுமையில் நூற்றுக்கு 68 பங்கை வைத்திருக்கிறது. 10 மீட்டரில் 46. 25 மீட்டரில் 14. அருகில் இருப்பவை நன்றாகவும் தொலைவில் இருப்பவை தேய்ந்தும் தெரிகின்றன. (இடையில் ஒரு சொல்: சிவப்பு விளக்கு மூடுபனியை ஊடுருவும் என்று நம் வினாத்தாள்களில் விடை எழுதப்படுகிறது. புகையில் உள்ளதுபோன்ற மிக நுண்ணிய துகள்களுக்கு அது பொருந்தும். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். அதனால்தான் பனி வெண்மையாக இருக்கிறது.)

ஒளிவேற்றுமை குறைந்தால் வேகத்துக்கு என்ன ஆகும்? இங்கிலாந்தில் பீட்டர் தாம்ப்சன் 1982-இல் திரையில் நகரும் பட்டைகளைக் காட்டி ஆராய்ந்தார். ஒரே வேகத்தில் நகரும் இரண்டில், மங்கலான பட்டைகள் மெதுவாக நகர்வதாகவே பார்ப்பவர்கள் சொன்னார்கள். மூளை ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. உலகில் பெரும்பாலான பொருள்கள் அசையாதவை, அல்லது மெல்ல அசைபவை. சான்று தெளிவாக இருக்கும்போது மூளை சான்றை நம்புகிறது. சான்று மங்கலாக இருக்கும்போது தன் பழைய அனுபவத்தின் பக்கம் சாய்ந்து, 'மெதுவாகத்தான் இருக்கும்' என்று முடிவு செய்கிறது. 1998-இல் ஸ்நோடன் முதலியோர் கார் ஓட்டும் மாதிரிக் கருவியில் இதைச் சோதித்தபோது, காட்சி மங்க மங்க ஓட்டுபவர்கள் தம்மை அறியாமல் வேகத்தைக் கூட்டினார்கள்.

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று இதைப் படித்ததும் நினைத்தேன். அப்போதுதான் ஏற்காட்டுப் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் என்னைத் திருத்தினார். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பனியில் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். வண்டி நேராகச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் அவர் ஒரு துணியை எடுத்து முன் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பனியில் வண்டி மெதுவாகப் போவதுபோல் தோன்றுமா என்று கேட்டேன்.

"பனியிலே அப்படி இல்லீங்க சார். பனியிலே வண்டி பறக்கிற மாதிரிதான் இருக்கும். பயமா இருக்கும், கால் தானா எடுத்துக்கும். கண்ணாடி பூத்துப்போச்சுன்னாதான் வம்பு. வண்டி போறதே தெரியாதுங்க."

ஆராய்ச்சி ஏட்டுக்கு மாறாக ஒருவர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்துக்கொண்டேன். பிறகு 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பிரெத்தோ என்பவரும் துணைவர்களும் செய்தது. முந்தைய சோதனைகளில் காட்சி முழுவதும் ஒரே அளவாக மங்க வைக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். உண்மைப் பனி அப்படி இல்லையே! கோஷ்மீடர் விதிப்படி தூரத்துக்கு ஏற்ப மங்கும் காட்சியை அவர்கள் அமைத்துப் பார்த்தபோது முடிவு தலைகீழானது. ஓட்டுபவர்கள் தம் வேகத்தை மிகுதியாக மதிப்பிட்டு, மெதுவாகச் சென்றார்கள். காட்சி முழுவதும் ஒரே அளவாக மங்கியபோதுதான் வேகம் குறைவாகத் தோன்றி, விரைந்தார்கள்.

காரணத்தைப் பேருந்தின் பக்கவாட்டு சன்னலில் பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். 3 மீட்டர் தள்ளி இருக்கும் கைப்பிடிச் சுவரின் கற்கள், நமக்கு நேரே வரும்போது வினாடிக்கு 210 பாகை கோண வேகத்தில் பறக்கின்றன. 30 மீட்டரில் உள்ள மரம் 21 பாகை. 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலைமுகடு வினாடிக்கு ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட நிற்கிறது. வேகத்தை உணர மூளை இவை எல்லாவற்றையும் கலந்து எடுத்துக்கொள்கிறது. மூடுபனி தொலைவில் உள்ள மெதுவானவற்றை அழித்துவிட்டு, அருகில் பறப்பவற்றை விட்டுவைக்கிறது. ஆகவே விரைவுணர்ச்சி கூடுகிறது. மூச்சினால் பூத்த கண்ணாடியோ கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது அருகு, தொலைவு என்று பாராமல் எல்லாவற்றின் ஒளிவேற்றுமையையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. காவலாளிகள் எல்லோருடைய குரலும் ஒருசேரத் தேய்கிறது. மூளை தன் பழைய நம்பிக்கைக்குத் திரும்புகிறது. வண்டி ஊர்வதாகத் தோன்றுகிறது.

அன்று மார்கழி மாலையில் என்னை ஏமாற்றியது சேர்வராயன் மலையின் பனி அன்று, என் மூச்சு! பனி என்னை எச்சரிக்கத்தான் பார்த்திருக்கிறது. அந்த எச்சரிக்கை என் முகக் கண்ணாடியைத் தாண்டி வரவில்லை.

ஆனால் பனி நம்மை மெதுவாக்கிவிடும் என்று அதை நம்பி இருந்துவிடவும் முடியாது. எதிரே தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியுமா என்ற கணக்கை எந்த உணர்ச்சியும் போட்டுத் தராது. முன்னால் மெதுவாகச் செல்லும் லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு சிவப்பு விளக்குகளுக்கு இடையே 2 மீட்டர். நீங்கள் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் அதை நெருங்குகிறீர்கள். 50 மீட்டரில் அந்த இரு விளக்குகளும் உங்கள் கண்ணில் விலகும் வீதம் வினாடிக்குக் கால் பாகைகூட இல்லை. 20 மீட்டரில் அது ஒன்றரைப் பாகையை நெருங்கிவிடும். தூரம் பாதியானால் வீதம் நான்கு மடங்காவதே காரணம். சிவப்பு என்று நிறம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது: அங்கே ஏதோ இருக்கிறது. அது நெருங்குகிறது என்ற செய்தி கடைசி நேரத்தில்தான் உரக்க வருகிறது. முனிச் நகரத்துப் பெண்மணியின் உலகத்துக்குள் பனி நம்மையும் சற்று நேரம் கொண்டுபோய் விடுகிறது என்று தோன்றுகிறது.

இப்போதெல்லாம் இறங்கும்போது முகக் கண்ணாடியை இரண்டு விரற்கடை தூக்கிவிட்டுக்கொள்கிறேன். குளிர்காற்று கன்னத்தில் அறைகிறது. ஆனால் மூச்சு தங்குவதில்லை. ஒவ்வொரு வளைவின் பலகையைக் கண்டதும் ஒருமுறை வேகமானியைப் பார்த்து, அதற்கு முன் மனத்தில் நினைத்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன். பின்னால் உட்கார்ந்து வரும் மாணவர் யாராவது இருந்தால் அவரையும் ஊகிக்கச் சொல்வேன். 20 வளைவுகளுக்கு 20 ஊகங்கள். அடிவாரம் வந்ததும் தேநீர்க் கடையில் நிறுத்தி இருவர் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இதுவரை நான் முழு மதிப்பெண் வாங்கியதில்லை.